ஃபயர்வால் போட்டாயிற்று, கடவுச்சொல் நுழைவையும் அடைத்தாயிற்று. பிறகு எப்படி உள்ளே வந்தார்கள்? (டெபியன் 12, டாக்கர், போஸ்ட்கிரெஸ்)

#1 வேம்படி — சனி, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய நூலகத்தின் சர்வரை ஒன்றரை ஆண்டாக நான் பார்த்துக்கொள்கிறேன். நான் கணித ஆசிரியர். லினக்ஸ் நானாகக் கற்றுக்கொண்டது. வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வர், டெபியன் 12, இரண்டு கோர், 4 ஜிபி நினைவகம். டாக்கரில் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில், அதாவது கன்டெய்னர்களில், ஓட்டும் கருவி) இரண்டு கன்டெய்னர்கள்: நூல் பட்டியல் செயலி ஒன்று, அதன் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஒன்று.

இன்று மாலையிலிருந்து பட்டியல் பக்கம் திறக்க அரை நிமிடம் ஆகிறது. டாப் கட்டளையில் பார்த்தால் 'கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ்ஐ' என்ற பெயரில் ஏதோ ஒன்று இரண்டு கோர்களையும் முழுதாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பயனர் பெயர் வரவேண்டிய இடத்தில் 999 என்று வெறும் எண். கில் கட்டளை கொடுத்தேன், போனது. தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது.

நான் கவனக்குறைவாக இருக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச்சில் கடவுச்சொல் நுழைவை நிறுத்தி, சாவி மட்டும் வைத்திருக்கிறேன். ஃபயர்வாலான யுஎஃப்டபிள்யூவில் 22, 80, 443 போர்ட்டுகள் தவிர எல்லாம் அடைப்பு. தவறான நுழைவு முயற்சிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேன் நிறுவியிருக்கிறேன். பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக நிறுவப்படுகின்றன. இரவு 2 மணிக்குக் காப்புநகல் எடுக்கப்படுகிறது. எங்கே தவறினேன் என்று யாராவது சொல்ல முடியுமா?

#2 செந்தாழை — இரவு 9.52

ஐயா, முதலில் அதைக் கொல்வதை நிறுத்துங்கள். சர்வர் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பலகையில் ஒரு ஸ்னாப்ஷாட் (வட்டின் அப்போதைய நிலையின் நகல்) எடுங்கள். பிறகு அதே பலகையில் உள்ள வெளி ஃபயர்வாலில் உங்கள் வீட்டு ஐபி முகவரியைத் தவிர எல்லாவற்றையும் அடையுங்கள். உள்ளே வருவது மட்டுமல்ல, வெளியே போவதும் நிற்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

#3 முனையத்தடி — இரவு 10.05

செந்தாழை சொன்னதைச் செய்துவிட்டு இதைப் படியுங்கள்.

அந்தப் பெயர் ஒரு போலி. லினக்ஸ் கெர்னலுக்குள் 'கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ்' என்று உண்மையான இழை ஒன்று உண்டு. கடைசியில் ஓர் 'ஐ' மட்டும் ஒட்டி, பார்ப்பவர் கண் தாண்டிப் போகட்டும் என்று வைத்த பெயர் இது. உண்மையான கெர்னல் இழைகளை பிஎஸ் கட்டளை சதுர அடைப்புக்குறிக்குள் காட்டும். அவற்றின் தாய் எப்போதும் 2-ஆம் எண் செயல்முறை. உங்களுடையது கின்சிங் என்ற தீநிரல் குடும்பத்தின் நாணயச் சுரங்கம், அதாவது உங்கள் சிபியூவில் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல். சுரங்கத்தைக் கொன்றால் கின்சிங் அதை மறுபடி எழுப்பும்.

இரண்டு இடங்களைப் பார்த்து அப்படியே எழுதுங்கள். ப்ராக் அடைவுக்குள் அந்தச் செயல்முறையின் எண்ணுள்ள அடைவைத் திறந்தால் 'எக்ஸி' என்ற இணைப்பு இருக்கும்: அது எங்கே சுட்டுகிறது? அதே இடத்தில் 'சிகுரூப்' என்ற கோப்பு இருக்கும்: அதில் என்ன வரி இருக்கிறது? உங்கள் எஸ்எஸ்ஹெச் பூட்டெல்லாம் சரியாகவே இருந்தாலும் இது வந்திருக்கலாம் என்று அந்த 999-ஐப் பார்த்ததும் தோன்றியது.

#4 வேம்படி — இரவு 10.31

அடைத்துவிட்டேன், ஸ்னாப்ஷாட்டும் எடுத்தாயிற்று.

எக்ஸி இணைப்பு டெம்ப் அடைவிலுள்ள அதே பெயர்க் கோப்பைச் சுட்டுகிறது. பக்கத்திலேயே 'அழிக்கப்பட்டது' என்று வருகிறது. சிகுரூப் கோப்பில் ஒரே வரி: சிஸ்டம் ஸ்லைஸ், அதன் கீழே டாக்கர் என்று தொடங்கும் நீண்ட எண். அந்த எண்ணை டாக்கர் பட்டியலோடு ஒப்பிட்டேன். போஸ்ட்கிரெஸ் கன்டெய்னர்.

ஆனால் தரவுத்தளத்துக்கு வெளியிலிருந்து வழியே கிடையாதே? யுஎஃப்டபிள்யூ நிலையை இப்போதும் பார்த்தேன், போஸ்ட்கிரெஸின் 5432 போர்ட் அதில் இல்லை.

#5 முனையத்தடி — இரவு 10.38

கன்டெய்னர்களை விவரிக்கும் கம்போஸ் கோப்பில் போஸ்ட்கிரெஸுக்குக் கீழே 'போர்ட்ஸ்' என்று ஏதாவது எழுதியிருக்கிறதா? கடவுச்சொல் என்ன வைத்தீர்கள்? (இனி மாற்றத்தானே போகிறீர்கள், சொல்லலாம்.)

#6 வேம்படி — இரவு 10.44

போர்ட்ஸ்: "5432:5432" என்று இருக்கிறது. இணையத்தில் கிடைத்த மாதிரிக் கோப்பிலிருந்து எடுத்தது. கடவுச்சொல்... 'போஸ்ட்கிரெஸ்' என்றே வைத்தேன். உள்ளுக்குள் மட்டும்தானே பேசிக்கொள்கின்றன, யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

#7 முனையத்தடி — இரவு 11.20

அதுதான் வழி. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே குழியில் விழுந்த நல்ல நிர்வாகிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

யுஎஃப்டபிள்யூ என்பது கெர்னலின் பொதி வடிகட்டிக்கு விதிகள் எழுதித் தரும் ஒரு கருவி, அவ்வளவுதான். நீங்கள் அடைத்த விதிகள் எல்லாம் 'இன்புட்' என்ற சங்கிலியில் இருக்கின்றன. அதாவது, இந்த இயந்திரத்துக்கென்றே வரும் பொதிகள் கடக்கும் வாசல். டாக்கரும் அதே வடிகட்டிக்குத் தன் விதிகளை எழுதுகிறது. "5432:5432" என்று நீங்கள் எழுதியதும் டாக்கர் முகவரி மாற்றும் விதி ஒன்றைப் போடுகிறது: வெளியிலிருந்து 5432-க்கு வரும் பொதியின் இலக்கைக் கன்டெய்னரின் உள்முகவரியாக மாற்று என்று. இந்த மாற்றம் வழித்தடம் முடிவாகும் முன்பே நடந்துவிடுகிறது. அதன் பிறகு அந்தப் பொதி உங்கள் இயந்திரத்துக்கு வந்ததாகக் கணக்கில்லை. இயந்திரத்தைக் கடந்து வேறிடம் போவதாகக் கணக்கு. ஆகவே அது 'ஃபார்வர்ட்' சங்கிலி வழியே போகிறது, உங்கள் இன்புட் விதிகளைச் சந்திப்பதே இல்லை. முன்வாசலில் காவலாளி நிற்கிறார். ஆள் போவது பக்கத்துச் சந்து வழியாக.

யுஎஃப்டபிள்யூ பொய் சொல்லவில்லை. தான் எழுதிய விதிகளைக் காட்டுகிறது. டாக்கர் எழுதியவை அதற்குத் தெரியாது.

இனி உள்ளே வந்தபின் நடந்தது. டாக்கரின் அதிகாரபூர்வ போஸ்ட்கிரெஸ் படிமத்தில் தொடக்கத்தில் உருவாகும் பயனர் சூப்பர்யூசர், தரவுத்தளத்தில் எல்லா உரிமையும் உள்ளவர். 2013-இல் வந்த 9.3 பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸில் 'காப்பி ... ஃப்ரம் ப்ரோக்ராம்' என்ற கட்டளை இருக்கிறது. ஒரு ஷெல் நிரலை ஓட்டி அதன் வெளியீட்டை அட்டவணையில் ஏற்றும். சூப்பர்யூசருக்கு அந்த உரிமை உண்டு. அது ஓட்டை இல்லை, வேலைக்காகவே வைத்த வசதி. ஆனால் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லும் திறந்த 5432-உம் சேர்ந்தால், எஸ்கியூஎல் பேசத் தெரிந்த எவரும் உங்கள் கன்டெய்னரில் எதையும் ஓட்டலாம். அந்தப் படிமத்துக்குள் போஸ்ட்கிரெஸ் பயனரின் எண் 999. உங்கள் டெபியனில் அந்த எண்ணுக்குப் பெயருள்ள பயனர் இல்லாததால் டாப் வெறும் எண்ணைக் காட்டியது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். வெளி ஃபயர்வாலில் உங்கள் கைப்பேசியின் ஐபியையும் ஒரு நிமிடம் அனுமதித்து, அதிலிருந்து 5432-ஐத் தட்டிப் பாருங்கள்.

#8 வேம்படி — இரவு 11.34

திறந்திருக்கிறது. கைப்பேசியின் மொபைல் இணைப்பிலிருந்து முயன்றேன், ஒரு நொடிகூட ஆகவில்லை. பதினான்கு மாதங்களாக இது இப்படியே இருந்திருக்கிறது. கை நடுங்குகிறது.

#9 பனங்காடு — ஞாயிறு, காலை 6.15

இரவு நடந்ததை இப்போதுதான் படித்தேன். ஆசிரியர் ஐயா, இவ்வளவு கலங்க வேண்டாம். தாக்குதல் கன்டெய்னருக்குள்தான் நடந்திருக்கிறது, ரூட்டாகவும் (இயந்திரத்தில் முழு உரிமையுள்ள பயனர்) இல்லை. அந்தக் கன்டெய்னரை நீக்கி, போர்ட்ஸ் வரியை எடுத்து, கடவுச்சொல்லை மாற்றிப் புதிதாக எழுப்பினால் அரை மணி நேர வேலை. முழு சர்வரையும் இடித்துக் கட்டச் சொல்வது தேவைக்கு மேல் என்பது என் கருத்து.

#10 செந்தாழை — காலை 7.02

பனங்காடு அண்ணா, உங்கள் பொறுமையான குரல் எனக்குப் பிடிக்கும், ஆனால் இதில் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கன்டெய்னர் தனி இயந்திரம் இல்லை, கெர்னல் ஒன்றுதான். 2016-இல் வெளிவந்த டர்ட்டி கௌ ஓட்டை கெர்னலில் ஒன்பது ஆண்டுகள் இருந்தது. சாதாரணப் பயனர் எவரும் அதை வைத்து ரூட் ஆக முடிந்தது. ஐயாவின் இயந்திரம் கடைசியாக எப்போது மறுதொடக்கம் ஆனது? திருத்தம் தானாக நிறுவப்படும், சரி. கெர்னல் திருத்தம் வட்டில் நிறுவப்பட்டாலும் மறுதொடக்கம் ஆகும் வரை நினைவகத்தில் ஓடுவது பழைய கெர்னல்தான். தானியங்கித் திருத்தம் கன்டெய்னர் படிமங்களைத் தொடுவதும் இல்லை.

இன்னொன்று, நமக்குத் தெரிந்தது சத்தம் போட்ட ஆளை மட்டும். சுரங்கம் வைத்தவர் நாணயத்துக்காக வந்தார், சிபியூ எகிறியது, கண்டுபிடித்தோம். அதே திறந்த வாசல் வழியே பதினான்கு மாதங்களில் சத்தமில்லாமல் எத்தனை பேர் வந்து வாசகர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எடுத்துப் போனார்கள் என்பதற்கு அந்த இயந்திரத்தில் நம்பத்தக்க சான்று எதுவும் இல்லை. அதில் உள்ள எந்தக் கருவியை ஓட்டி அது சுத்தம் என்று முடிவுசெய்வீர்கள்?

ஐயா, இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 28 ஏப்ரல் 2022 உத்தரவு இத்தகைய ஊடுருவல்களைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. லாக்குகளை 180 நாட்கள் வைத்திருக்கவும் சொல்கிறது. அறக்கட்டளைப் பொறுப்பாளரிடம் இன்று காலையே சொல்லிவிடுங்கள். அறிக்கை அனுப்பத் தயங்க வேண்டாம்.

பிறகு மூன்று சிறிய சோதனைகள். எஸ்எஸ்ஹெச்டி கட்டளையைப் பெரிய எழுத்து 'டி' (T) விருப்பத்தோடு ரூட்டாக ஓட்டுங்கள், 'பாஸ்வேர்ட்ஆதென்டிகேஷன்' வரியைப் பாருங்கள். ஃபெயில்2பேனின் நிலையைக் கேளுங்கள். கடைசிக் காப்புநகல் கோப்பின் அளவைப் பாருங்கள்.

#11 வேம்படி — காலை 8.48

பொறுப்பாளரிடம் பேசிவிட்டேன், அறிக்கையும் அனுப்பினோம். சோதனைகளின் முடிவை எழுதவே வேதனையாக இருக்கிறது.

பாஸ்வேர்ட்ஆதென்டிகேஷன்: யெஸ். ஆனால் அமைப்புக் கோப்பைத் திறந்தால் நான் எழுதிய 'நோ' அப்படியே இருக்கிறது!

ஃபெயில்2பேன்: தொடங்கும்போதே தோல்வி. எஸ்எஸ்ஹெச்டிக்கான லாக் கோப்பு கிடைக்கவில்லை என்கிறது. நிறுவிய நாளிலிருந்து அது ஒரு நிமிடம்கூட ஓடியதில்லை.

காப்புநகல்: ஒவ்வொரு நாளும் ஒரு கோப்பு இருக்கிறது, தேதியோடு, ஒன்றுகூடத் தவறவில்லை. எல்லாமே 20 பைட்.

மறுதொடக்கம் ஆகி 412 நாட்கள்.

#12 பனங்காடு — காலை 8.55

செந்தாழை சொன்னதே சரி. என் ஆலோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். புதிய இயந்திரம்தான்.

#13 முனையத்தடி — காலை 10.10

ஐயா, நீங்கள் செய்த எல்லாமே நல்ல கையேடு சொல்லும் வேலைகள். ஒவ்வொன்றையும் கோப்பில் எழுதினீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்திடம் 'இப்போது உன்னிடம் என்ன நடப்பில் இருக்கிறது' என்று கேட்கவில்லை. பலமுறை எனக்கும் நேர்ந்ததுதான் இது. ஒவ்வொன்றாக வருகிறேன்.

எஸ்எஸ்ஹெச். டெபியனில் அமைப்புக் கோப்பின் தலையிலேயே 'இன்க்ளூட்' வரி இருக்கிறது; துணை அடைவில் உள்ள கோப்புகள் முதலில் படிக்கப்படுகின்றன. எஸ்எஸ்ஹெச்டியின் விதி, ஒரு அமைப்புக்கு முதலில் கிடைத்த மதிப்பே செல்லும். பல நிரல்களில் கடைசியாக எழுதியது வெல்லும், இதில் நேர்மாறு. துணை அடைவைப் பாருங்கள், 50 என்று தொடங்கும் கிளவுட்-இனிட் கோப்பு ஒன்று இருக்கும். சர்வர் நிறுவனத்தின் படிமம் முதன்முதலாக எழும்போது கடவுச்சொல் நுழைவைத் திறந்து எழுதி வைத்தது அது. உங்கள் 'நோ' அதற்குப் பின்னால் வந்ததால் செல்லவில்லை. புதிய இயந்திரத்தில் உங்கள் கோப்புக்கு 00 என்று தொடங்கும் பெயர் வைத்து அதே துணை அடைவில் போடுங்கள்; சேவையை ரீலோட் செய்தபின் பெரிய 'டி' சோதனை; அதன் பிறகு வேறொரு கணினியிலிருந்து சாவி இல்லாமல் நுழைய முயன்று, மறுக்கப்படுவதைக் கண்ணால் பாருங்கள். பழைய இணைப்பை மூடாமல் வைத்துக்கொண்டே இதைச் செய்யுங்கள், தவறினால் வெளியே மாட்டிக்கொள்வீர்கள்.

ஃபெயில்2பேன். டெபியன் 12-இல் லாக்குகளைக் கோப்பில் எழுதும் ஆர்சிஸ்லாக் இயல்பாக நிறுவப்படுவதில்லை. லாக்குகள் சிஸ்டம்டியின் ஜர்னலில் மட்டும் இருக்கின்றன. ஃபெயில்2பேனோ பழைய ஆத்.லாக் கோப்பைத் தேடி, கிடைக்காமல் நின்றுவிடுகிறது. ஜெயில்.லோக்கல் கோப்பில் பேக்எண்ட் என்பதற்கு சிஸ்டம்டி என்று கொடுத்து, பைத்தானின் சிஸ்டம்டி பொதியையும் நிறுவினால் ஓடும். நீங்கள் புதிதாக நிறுவுவது 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்றால், அதிலுள்ள ஓப்பன்எஸ்எஸ்ஹெச் தவறான முயற்சி செய்யும் முகவரிகளைத் தானே சிறிது நேரம் தள்ளிவைக்கிறது (9.8 பதிப்பில் வந்த வசதி). சாவி மட்டும் என்று உண்மையாகவே இருந்தால் ஃபெயில்2பேன் எனக்கு இரண்டாம்பட்சம்தான்.

காப்புநகல். 20 பைட் என்பது ஒன்றுமில்லாததை ஜிஸிப் சுருக்கினால் வரும் அளவு. தரவுத்தளத்தை நகலெடுக்கும் பிஜி_டம்ப் எதையும் தராமல் நின்றிருக்கிறது. குழாயின் மறுமுனையில் ஜிஸிப் வெறும் காற்றைச் சுருக்கிக் கோப்பாக்கி 'வெற்றி' என்று சொல்லியிருக்கிறது. ஹோஸ்டில் (கன்டெய்னர்களுக்கு வெளியே உள்ள இயந்திரத்தில்) டெபியன் 12 தரும் பிஜி_டம்ப் 15. உங்கள் கன்டெய்னரில் 16 இருக்கும் என்று ஊகிக்கிறேன். தன்னைவிடப் புதிய சர்வரிலிருந்து எடுக்க பிஜி_டம்ப் மறுத்துவிடும்.

மூலநிரல்களைச் சேமிக்கும் தளம் நடத்தும் கிட்லேப் நிறுவனத்துக்கு 2017 ஜனவரி 31 அன்று நடந்ததை அவர்களே முழுமையாக எழுதி வெளியிட்டார்கள். ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தள அடைவை அழித்துவிட்டார். ஏறக்குறைய 300 ஜிபியில் 4.5 ஜிபி மிஞ்சியபோதுதான் நிறுத்த முடிந்தது. காப்புநகலைத் தேடினால், சர்வர் 9.6, பிஜி_டம்ப் 9.2, ஓசையில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஸ்னாப்ஷாட் ஒன்றுதான் காப்பாற்றியது. அத்தனை பேர் பணிபுரியும் இடத்தில் நடந்ததே உங்களிடமும் நடந்திருக்கிறது. உங்கள் தரவு இன்னும் இருக்கிறது. இப்போதே எடுங்கள்: ஹோஸ்டின் பிஜி_டம்ப் வேண்டாம், கன்டெய்னருக்குள் இருப்பதை டாக்கர் எக்ஸெக் வழியாக ஓட்டி, படிக்கக்கூடிய எஸ்கியூஎல் உரையாக. பின் அந்த உரையில் அட்டவணைகள் தவிர ஃபங்ஷன், ட்ரிக்கர், எக்ஸ்டென்ஷன் என்று நீங்கள் அறியாத எதுவும் இருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். ரோல்களை அதில் கொண்டுபோக வேண்டாம், புதிதாக உருவாக்குங்கள்.

#14 இளவேனில் — பகல் 12.25

இடையில் நுழைவதற்கு மன்னியுங்கள், நான் மாணவி. இரண்டு ஐயங்கள். எஸ்எஸ்ஹெச்சை 22-லிருந்து வேறு போர்ட்டுக்கு மாற்றினால் பயன் உண்டா? மற்றொன்று, எல்லோரும் மூலநிரலைப் பார்க்கலாம் என்பதால்தான் லினக்ஸ் பாதுகாப்பு என்று படித்தோம். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்ஸெட் நிரலின் பின்கதவு விவகாரத்துக்குப் பிறகும் அப்படிச் சொல்லலாமா?

#15 செந்தாழை — பகல் 1.10

தங்கை, போர்ட்டை மாற்றினால் லாக்கில் குப்பை குறையும். நான் மாற்றுவதில்லை, குப்பை எனக்குத் தொல்லையாக இல்லை. அந்த 22 எப்படி வந்தது தெரியுமா? 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டாட்டு யூலோனென் எஸ்எஸ்ஹெச்சை எழுதியபோது, எஃப்டிபியின் 21-க்கும் டெல்நெட்டின் 23-க்கும் நடுவில் காலியாக இருந்த எண்ணைக் கேட்டு வாங்கினார். கடவுச்சொற்களைப் பாதுகாப்பின்றி அனுப்பிய அந்த இரண்டுக்கும் மாற்றாகவே எழுதினார். உபுண்டுவின் புதிய பதிப்புகளில் எஸ்எஸ்ஹெச் சிஸ்டம்டி சாக்கெட் வழியாக எழுவதால், போர்ட் எண்ணைக் கோப்பில் மட்டும் மாற்றி சேவையை மறுதொடக்கம் செய்தால் மாறாமல் நிற்கலாம். எந்தப் போர்ட்டில் கேட்கிறது என்பதை எஸ்எஸ் கட்டளையில் பாருங்கள்.

எக்ஸ்ஸெட் பற்றி: ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து நம்பிக்கை பெற்று, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு வைத்தார். மூலநிரல் களஞ்சியத்தைப் படித்தவர்கள் கண்டுபிடிக்கவில்லை. வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் சேர்ந்திருந்த ஒரு கோப்புதான் அதை இயக்கியது. கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் போஸ்ட்கிரெஸ் நிரலாளர். தன் டெபியன் 'சிட்' (இன்னும் நிலைப்படுத்தப்படாத) பதிப்பில் எஸ்எஸ்ஹெச் நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். ஏன் என்று விடாமல் தோண்டி 2024 மார்ச் 29-இல் உலகத்துக்குச் சொன்னார். தோண்டிப் பார்க்க அவருக்கு மூலநிரல் இருந்தது, யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. திறந்திருப்பதன் மதிப்பு எனக்கு அங்கேதான் தெரிகிறது. ஆனால் அந்த அரை நொடியைப் பொருட்படுத்திய ஒரு மனிதரும் வேண்டியிருந்தது.

#16 முனையத்தடி — பகல் 1.30

போர்ட்ஸ் வரி பற்றி ஒன்று விட்டுப்போனது. "127.0.0.1:5432:5432" என்று எழுதினால் வெளியில் தெரியாது என்பார்கள். டாக்கர் 28-க்கு முந்தைய பதிப்புகளில், அதே உள்வலைப் பிரிவில் உள்ள மற்ற இயந்திரங்கள் அதையும் எட்ட முடிந்தது. செயலியும் தரவுத்தளமும் ஒரே கம்போஸ் கோப்பில் இருந்தால் ஒன்றையொன்று பெயர் சொல்லியே கூப்பிட்டுக்கொள்ளும். போர்ட்ஸ் வரியே தேவையில்லை. எடுத்துவிடுங்கள்.

#17 வேம்படி — புதன், இரவு 10.15

தாமதத்துக்கு மன்னிக்கவும். மூன்று நாட்களும் பள்ளி முடிந்து வந்து இதிலேயே இருந்தேன்.

புதிய இயந்திரம், டெபியன் 13. பழையதிலிருந்து எஸ்கியூஎல் உரையைத் தவிர எந்தக் கோப்பையும் கொண்டுவரவில்லை. உரையைப் படித்தபோது நான் உருவாக்காத அட்டவணை ஒன்று இருந்தது: ஒரே நெடுவரிசை, பொருளற்ற எழுத்துகளில் பெயர். நிரலின் வெளியீட்டை ஏற்ற அவர்கள் உருவாக்கியதாகத்தான் இருக்க வேண்டும். அதை நீக்கிவிட்டு ஏற்றினேன். செயலி சூப்பர்யூசராக இல்லாமல் தன் அட்டவணைகளுக்கு மட்டும் உரிமையுள்ள பயனராக இணைகிறது. கடவுச்சொற்கள், சாவிகள் எல்லாம் புதியவை. வாசகர் அனைவருக்கும் நடந்ததைச் சொல்லிக் கடிதம் அனுப்பினோம். சிலர் கோபப்பட்டார்கள், அது நியாயம்தான்.

பெரிய 'டி' சோதனையில் 'நோ' வருகிறது. சாவி இல்லாமல் மனைவியின் மடிக்கணினியிலிருந்து முயன்றேன், மறுத்தது. கைப்பேசியிலிருந்து 5432-ஐத் தட்டினேன், பதில் இல்லை.

காப்புநகல் நிரலில் குழாயின் எந்தப் பகுதி தோற்றாலும் நிற்கும்படி 'பைப்ஃபெயில்' சேர்த்தேன். கோப்பு முந்தைய நாளின் பாதி அளவுக்குக் குறைந்தால் எனக்கு மின்னஞ்சல் வரும். நகல் ரெஸ்டிக் என்ற காப்புநகல் கருவி வழியாக வேறொரு நிறுவனத்தின் சேமிப்பகத்துக்குப் போகிறது. அங்கே சேர்க்கத்தான் இந்த இயந்திரத்துக்கு உரிமை, அழிக்க இல்லை.

நேற்றைய நகலை வீட்டுக் கணினியில் ஒரு காலி போஸ்ட்கிரெஸில் ஏற்றிப் பார்த்தேன். எட்டு நிமிடம் ஆனது. நூலக அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, ஏதாவது ஒரு புத்தகத்தின் எண்ணைச் சொல்லச் சொன்னேன். அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து 3117 என்றார். தேடினேன். வந்த பெயரைப் படித்தேன். "அதேதான், என் கையில் இருக்கிறது" என்றார்.

#18 செந்தாழை — புதன், இரவு 10.22

ஐயா, புதிய கெர்னல் வந்தால் மறுதொடக்கம் எந்த நாளில் என்று வைத்திருக்கிறீர்கள்?

#19 வேம்படி — புதன், இரவு 10.25

நூலகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. திங்கள் விடிகாலை 4 மணிக்கு. 5 மணிக்கு எழுந்து நானே பார்ப்பேன்.